மழைக்குத் தூக்கிக் கட்டிய பந்தல்: அல்பரிஞோ ஊரில் திராட்சை வெட்டும் நாட்கள்

செப்டம்பர் 10, பொண்டெவெத்ரா

ரயிலைவிட்டு இறங்கும்போதே சாரல். குடை விரிக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் பத்து நிமிடம் நடந்தால் சட்டை ஈரமாகிவிடுகிறது. ஸ்பெயின் என்றால் காய்ந்த மண்ணும் சுடுகிற வெயிலும் என்று எண்ணி வந்தவர்களுக்குக் கலீசியா வேறு ஏதோ நாடு. போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே, அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஸ்பெயினின் வடமேற்கு மூலை இது. நாங்கள் வந்திருக்கும் ரீயாஸ் பைஷாஸ் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. கம்பம் பள்ளத்தாக்கில் பெய்வதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கம்பத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்குக் காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் படரவிட்ட பந்தல். ஐரோப்பாவில் பெரும்பாலும் திராட்சையை இடுப்பளவு வேலியில்தான் கட்டுவார்கள். ஆனால் ஸ்பெயினில் ஒரு பகுதியில் நம்மைப் போலவே கல்தூண் பந்தலில் வளர்த்து, அதில் அல்பரிஞோ என்ற வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்தே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதுவும் பழம் வெட்டுகிற நேரத்தில்.

பொண்டெவெத்ராவின் பழைய நகரத்தில் கார் கிடையாது. 1999 முதலே நகர மையத்தை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். ஈரக் கருங்கல் தெருக்களில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், யாரும் அதட்டுவதில்லை. பசியோடு உணவகம் தேடினோம். எட்டரைக்கு முன் அடுப்பு மூட்ட மாட்டோம் என்று நாலு இடத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு மதுக்கடையின் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கோப்பை அல்பரிஞோ சொன்னேன். 2.80 யூரோ, நம் பணத்தில் 300 ரூபாய்க்குப் பக்கம். கூடவே சூரை மீனும் வெங்காயமும் வைத்துச் சுட்ட எம்பனாதா இரண்டு துண்டு வந்தது. நாங்கள் கேட்கவில்லையே என்று மனைவி தயங்கினாள். ஒயினோடு வருவதுதான், காசில்லை என்று பரிமாறியவர் கையால் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

முதல் மிடறு. மூக்குக்குப் பீச் பழ வாசம், எலுமிச்சைத் தோலின் வாசம். வாயில் இனிப்பே இல்லை, நல்ல புளிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு. அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று அப்போதே கேள்வி.

செப்டம்பர் 11, கொம்பார்ரோ

கடற்கரையோடு ஒட்டிய சிறு ஊர். இங்கே பார்க்க வேண்டியது ஓர்ரியோ எனப்படும் கருங்கல் தானியக் குதிர்கள். தண்ணீர் விளிம்பிலேயே வரிசையாக முப்பதுக்குப் பக்கம் நிற்கின்றன. கால்களுக்கும் அறைக்கும் நடுவே தட்டையான வட்டக்கல். எலி ஏறி வந்தால் அதைத் தாண்ட முடியாது. சுவரில் காற்றுப் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள், ஈர நாட்டில் மக்காச்சோளம் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. தரையிலிருந்து தூக்கு, கீழே காற்று ஓடவிடு என்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் கட்டடப் புத்தி.

மதியம் கம்பாதோஸ் போகும் பேருந்து வரவில்லை. அட்டவணையில் இருக்கிறது, நிறுத்தத்தில் இல்லை. மழை வலுத்தது. ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, எதிர்வீட்டு மாடியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கீழே இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியராம். “இனி வராதுங்க, ஏறுங்க” என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். இருபது கிலோமீட்டர் காரில் கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் முகம் மாறிவிட்டது. ஒரு காப்பி வாங்கிக்கொடுக்க மட்டும் சம்மதித்தார். அந்தக் காப்பிக்கும் கூட ஒரு துண்டு கேக் இலவசம்.

செப்டம்பர் 12, கம்பாதோஸ்

அல்பரிஞோவின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். 1953-ல் யார் ஒயின் உசத்தி என்று தோட்டக்காரர்களுக்குள் நடந்த போட்டிதான் இன்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊரையே நிறைக்கும் திருவிழாவாகியிருக்கிறது. நாங்கள் வந்தபோது கூட்டமெல்லாம் வடிந்து, ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

ஃபெஃபிஞான்ஸ் சதுக்கத்தில் பழைய பிரபுக்களின் கருங்கல் மாளிகை. அதற்குள்ளேயே ஒயின் நிலவறை, 1904 முதல். அல்பரிஞோ என்ற பெயரில் முத்திரை பதித்துப் புட்டி விற்ற முதல் இடம் இதுதான், 1928-ல். அதற்கு முன்னும், அதற்குப் பின் வெகு காலமும், மற்ற வீடுகளில் எல்லாம் இது பீப்பாயிலிருந்து நேரே மேசைக்கு வந்த வீட்டு ஒயின்.

ரீயாஸ் பைஷாஸ் என்ற பெயரே ஒயினுக்குப் பின்னால் வந்தது. 1980-ல் அல்பரிஞோ என்ற பெயரில்தான் அரசு அங்கீகாரம் கொடுத்தார்கள். 1986-ல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததும், வெறும் திராட்சை ரகத்தின் பெயருக்குப் பாதுகாப்பு கூடாது, ஊரின் பெயர் வேண்டும் என்று சட்டம் குறுக்கே வந்தது. நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல் கரங்களை இங்கே ரீயா என்பார்கள். தெற்கே இருக்கும் தாழ்ந்த ரீயாக்கள் என்று 1988-ல் பெயர் வைத்தார்கள். ஒயினின் பெயரிலேயே கடல் ஏறிக்கொண்டது.

காலை பத்து மணிக்குக் கடல் வற்றியிருந்தது. மைல் கணக்கில் கறுத்த சேறு. அதில் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் குனிந்து நிற்கிறார்கள். கையில் சிறு மண்வாரி, பக்கத்தில் வாளி. மட்டி எடுக்கிறார்கள். மனைவி குளச்சல்காரி. அவளைக் கரையில் நிறுத்திவைக்க முடியவில்லை, சுவரோரம் இறங்கி முடிந்த மட்டும் கிட்டே போய்விட்டாள். ஒரு அம்மா தன் வாளியைச் சாய்த்துக் காட்டினார். அளவு பார்க்கும் ஒரு சட்டகம் வைத்திருந்தார். அதில் விழுந்துவிடும் சிறிய மட்டியை அங்கேயே சேற்றுக்குத் திருப்பிப் போட்டார். உரிமம் உள்ளவர்கள் மட்டும்தான் எடுக்கலாம், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. முதுகு எப்படி என்று மனைவி சைகையால் கேட்டதற்கு அந்த அம்மா இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்தார். மொழி தேவைப்படவில்லை.

மதியம் அதே மட்டி எங்கள் தட்டில். பூண்டு, எண்ணெய், ஒரு கரண்டி அல்பரிஞோ, வேறு ஒன்றும் இல்லை. பிறகு ஆக்டோபஸ். வேகவைத்து, கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக நறுக்கி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பும் சிவப்பு மிளகுப்பொடியும் தூவி, மேலே ஆலிவ் எண்ணெய். அடியில் உருளைக்கிழங்கு. மரத்தட்டு எண்ணெயையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு கடைசித் துண்டுவரை பதமாக வைத்திருக்கிறது. மிளகுப்பொடியில் காரம் பேருக்குத்தான். மனைவி பையிலிருந்து ஊறுகாய் எடுக்கவில்லை, அதுவே அவள் கொடுத்த சான்றிதழ். இரண்டு பேருக்கு, ஒயினோடு, 41 யூரோ.

சாயங்காலம் மேட்டில் இருக்கும் சாந்தா மரீஞா டோஸோ. கூரை விழுந்துபோன பழைய கோயில். வளைவுகள் மட்டும் வானத்துக்கு நேரே நிற்க, நடுவே கல்லறைகள். இன்னமும் ஊரார் தங்கள் இறந்தவர்களை இங்கேதான் புதைக்கிறார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே, தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே, எங்கு பார்த்தாலும் பச்சைப் பந்தல்.

செப்டம்பர் 13, சல்னேஸ் பள்ளத்தாக்கு

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் முந்தின இரவு நான் பந்தலைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, “நாளைக்கு எங்க அத்தை தோட்டத்துல வெட்டு, வர்றீங்களா?” என்று கூப்பிட்டார். சனிக்கிழமை. நகரத்து வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பும் நாள்.

காலை ஒன்பதுக்குப் போனோம். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. தோட்டம் என்பது பதினைந்து சென்ட் இருக்கும். நான்கு பக்கமும் வேறு வேறு ஆட்களின் துண்டுகள். கருங்கல்லை அப்படியே பிளந்து நட்ட தூண்கள், பாசி படிந்து பச்சையாக. ஆறடிக்குச் சற்று மேலே கம்பி. நான் ஒரு தூணைத் தட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். எங்கள் ஊர்த் தூணைவிட ஒல்லி, ஆனால் கல் நல்ல கெட்டி.

கத்தரிக்கோலைக் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். அல்பரிஞோ கொத்து சிறியது. உள்ளங்கையில் அடங்கிவிடும். பழமும் சிறிது, தோல் தடிப்பு. அந்தத் தடித்த தோல்தான் இந்த மழையில் அழுகாமல் காப்பது. இடக்கையால் கொத்தை ஏந்தி, காம்பை வெட்டி, இலையை உதறி, அழுகிய மணி இருந்தால் விரலால் பிதுக்கி எறிந்து, பெட்டியில் வைக்க வேண்டும். போடக் கூடாது, வைக்க வேண்டும். பெட்டிக்கு 20 கிலோ, அதற்கு மேல் நிரப்பினால் அடிப்பழம் நசுங்கிச் சாறு புளிக்கத் தொடங்கிவிடும். அரை மணியில் கழுத்து பிடித்துக்கொண்டது. எல்லா வேலையும் தலைக்கு மேலே. பந்தல் வேலை தெரிந்த எனக்கே கை நடுங்கியது, பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட அத்தை நிமிர்ந்தபடியே அடுத்த தூணுக்குப் போய்விட்டார். கொடிகளுக்கு நடுவே இனிப்புத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் புட்டிகள் தொங்கின. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு வகைக் குளவி, பழுத்த பழத்தைக் குடைந்துவிடுகிறதாம், அதற்கான பொறி.

ஏன் இத்தனை உயரம் என்று கேட்டேன். அத்தை தரையைக் காட்டினார். கால் வைத்தால் சதசதவென்று ஈரம். கொடி தாழ இருந்தால் அந்த ஈரம் ஏறி அடிச்சாம்பல் நோய் வந்து இலையெல்லாம் கருகிவிடும். தூக்கிக் கட்டினால் கடல்காற்று அடியில் புகுந்து காயவைக்கும். வெயில் குறைந்த ஊர் என்பதால் இலை முழுவதும் விரிந்து கிடைத்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். எங்கள் பக்கம் பந்தல் பழத்தைச் சுடும் வெயிலிலிருந்து காக்கிறது, இங்கே மழையிலிருந்து. ஒரே கல், ஒரே கம்பி, நேர் எதிரான காரணம்.

இன்னொரு காரணமும் சொன்னார். நிலம் போதாது. முன்பெல்லாம் பந்தலுக்கு அடியிலேயே உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கோழி. அப்பா நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்து, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்து, கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. ரீயாஸ் பைஷாஸ் முழுவதும் 4,000 ஹெக்டேருக்குச் சற்று மேல்தான் திராட்சை. அது 20,000-க்கு மேற்பட்ட துண்டுகளாக, ஐயாயிரத்தை ஒட்டிய குடும்பங்களின் கையில் இருக்கிறது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள், அல்லது அர்ஜென்டினாவுக்கும் கியூபாவுக்கும், பின்னால் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். கொடியைக் கவாத்து செய்ததும், மருந்தடித்ததும், பழம் வெட்டியதும் பெண்கள். இன்று இந்த வட்டாரத்தின் நிலவறைகளில் ஒயின் தயாரிப்புக்குத் தலைமை ஏற்கும் பெண்கள் ஏராளம் என்றால், அதற்கு அடியில் இந்த அத்தைமார் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஆண்டு முழுக்கப் பழம் உண்டு, இரண்டு வருஷத்தில் அஞ்சு வெட்டுக்கூட எடுப்போம் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கைப்பேசியில் அப்பாவின் தோட்டத்தைக் காட்டினேன். அத்தை படத்தைப் பெரிதாக்கித் தூணைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “அப்போ கொடி எப்ப தூங்கும்?” என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. இங்கே குளிர்காலத்தில் கொடி முழுதாக இலை உதிர்த்துத் தூங்கும். வருஷத்துக்கு ஒரே வெட்டு. இந்த இரண்டு வாரத்தில் மழை அடித்துப் பெய்துவிட்டால் ஒரு வருஷப் பாடு போச்சு.

மதியச் சாப்பாடு பந்தலுக்கு அடியிலேயே. உருளைக்கிழங்கு ஆம்லெட், மக்காச்சோள மாவில் மட்டி வைத்துச் சுட்ட எம்பனாதா, பன்றித் தொடை, பெண் மார்பின் வடிவில் பிடித்த தெத்தீயா பாலாடைக்கட்டி. சீட்டு ஒட்டாத புட்டியில் வீட்டு ஒயின். இரண்டு மணிக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கூட்டுறவு நிலவறைக்கு. வரிசையில் டிராக்டர்கள், சின்ன வேன்கள், ஒருவர் தன் சொந்தக் காரின் பின்னாலேயே நாலு பெட்டி வைத்திருந்தார். ஒரு குழாய் பெட்டிக்குள் இறங்கிச் சாற்றை உறிஞ்சி, சர்க்கரை அளவைத் திரையில் காட்டுகிறது. எல்லாருடைய கண்ணும் அந்த எண்ணில்தான். கிலோவுக்கு இரண்டு யூரோவுக்கு மேல் கிடைக்கிறது என்றார் வீட்டுக்காரர். ஸ்பெயினின் மற்றப் பகுதி விவசாயிகள் கேட்டால் பெருமூச்சு விடும் விலை. திராட்சையை ரோட்டில் கொட்டிய வருஷங்களைப் பார்த்தவன் நான். அந்த வரிசையில் நிற்கும்போது மனது நிறைந்தும் இருந்தது, வலித்தும் இருந்தது.

செப்டம்பர் 14, அர்மெந்தெய்ரா

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் நடந்தோம். அர்மெந்தெய்ரா மடத்திலிருந்து ஓடையோரமாக இறங்கும் பாதை, வழியெல்லாம் பழைய தண்ணீர் ஆலைகள். மடத்தை நிறுவிய ஏரோ என்ற துறவி ஒரு பறவையின் பாட்டைக் கேட்டபடி மரத்தடியில் உட்கார்ந்தாராம், எழுந்து வந்தால் முந்நூறு ஆண்டு கழிந்திருந்ததாம். 12-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட மடத்துத் துறவிகள்தான் அல்பரிஞோவைப் பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு கதை. ரீஸ்லிங் என்ற ஜெர்மானிய வெள்ளைத் திராட்சையின் தங்கை என்றுகூடச் சொல்வார்கள். மரபணு ஆய்வு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இந்த மண்ணின் கொடி என்பதே இன்றைய கணிப்பு.

கீழே பர்ராந்தெஸில் வேறு ஒயின். கருஞ்சிவப்பு, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். குடித்த பிறகு கிண்ணத்தின் சுவரில் ஊதாச் சாயம் ஒட்டி நிற்கிறது. சாயம் ஒட்டாவிட்டால் ஊர்க்காரர்களுக்குத் திருப்தி இல்லை. அல்பரிஞோ வெளியே விற்க, இது தாங்கள் குடிக்க. கிண்ணம் 1.50 யூரோ. பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. எனக்கு ஒன்று போதும்.

செப்டம்பர் 15, ஓ க்ரோவெ

மனைவியின் நாள். படகில் ரீயாவுக்குள் போனோம். யூகலிப்டஸ் மரச் சட்டங்களைப் பின்னிக் கட்டிய மிதவைகள் வரிசை வரிசையாக. பத்தேயா என்கிறார்கள். கலீசியா முழுக்க மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் கயிறுகள் தண்ணீருக்குள் தொங்குகின்றன, 12 மீட்டர் வரை. ஒரு கயிற்றை மேலே இழுத்தார்கள். கயிறே தெரியவில்லை, முழுக்க முழுக்கச் சிப்பி. குளச்சலில் முத்துக்குளிப்பவர் மாதிரி மூச்சடக்கிப் பாறையில் பெயர்த்து எடுப்பதை இங்கே கயிற்றில் விளைவிக்கிறார்கள் என்று மனைவி வியந்து போனாள். கோடையில் வடக்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ள, ஆழத்துக் குளிர்ந்த சத்துள்ள தண்ணீர் எழும்பி ரீயாவுக்குள் வருகிறது. சிப்பிக்கு அதுவே தீவனம்.

படகிலேயே ஆவியில் வேகவைத்த சிப்பி, கேட்கக் கேட்கத் தருகிறார்கள், கூடவே இளம் அல்பரிஞோ. சீட்டு 18 யூரோ. மனைவி ஒயினைத் தொடுவதில்லை, ஆனால் இன்று முகர்ந்து பார்த்துவிட்டு, “சிப்பியத் தொறந்ததும் வர்ற தண்ணி வாசம் இதுலயும் இருக்கு” என்றாள். முதல் நாள் எனக்கு எழுந்த கேள்விக்கு இதைவிட நெருங்கிய பதிலை யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, ஓ ரொசால்

ரீயாஸ் பைஷாஸின் தெற்கு எல்லை. மிஞோ ஆறு, அக்கரையில் போர்ச்சுகல். அங்கேயும் இதே திராட்சை, அல்வரிஞோ என்ற பெயரில். இந்தப் பக்கம் வெயில் கொஞ்சம் கூடுதல், சரிவில் படிக்கட்டுத் தோட்டங்கள். அல்பரிஞோவோடு லூரெய்ரோ, கயிஞோ போன்ற உள்ளூர் ரகங்களையும் சேர்க்கிறார்கள். குடித்தால் சல்னேஸின் கூர்மை இல்லை, மலர் வாசம் தூக்கல்.

நிலவறையில் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண் ஒரு சம்பவம் சொன்னார். ஆஸ்திரேலியாவில் அல்பரிஞோ என்று நம்பி, ஸ்பெயினிலிருந்து போன குச்சிகளை நட்டு, வருஷக்கணக்கில் ஒயின் விற்றார்கள். 2009-ல் மரபணுச் சோதனை செய்தால் அது சவஞான் என்ற பிரெஞ்சு ரகம். நட்டவர்கள் எல்லாம் சீட்டை மாற்ற வேண்டியதாயிற்று. நாற்றுக் குச்சி வாங்கி ஏமாந்த கதை எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் எனக்கு அந்த விவசாயிகள் மேல் இரக்கமாக இருந்தது.

ருசி பார்க்க இரண்டு கோப்பை வைத்தார். ஒன்று போன வருஷத்தது. இன்னொன்று நொதித்து இறந்த ஈஸ்ட் படிவின் மேலேயே தொட்டியில் மூன்று வருஷம் கிடந்தது. முதலாவது பச்சை ஆப்பிள், எலுமிச்சை. இரண்டாவதில் புளிப்பு அப்படியே இருக்க, வாயில் கனம், வறுத்த பாதாம் வாசம். அல்பரிஞோவை வாங்கிய வருஷமே குடித்துவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம் என்றார் அவர். பழத்தின் புளிப்புதான் காப்பு, ஐந்தாறு வருஷம் தாராளமாகத் தாங்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: ஐஸில் உறையவைத்துக் குடிக்காதீர்கள், அத்தனை குளிரில் வாசம் எழும்பாது.

இளம் ஒயின் 12 யூரோ, மூன்று வருஷத்தது 24. இரண்டாவதில் இரண்டு புட்டி வாங்கினேன். ஒன்று சல்னேஸ் அத்தையின் மேசைக்குப் போகிறது, வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தன் தோட்டத்துப் பழத்தின் ஒயினை அத்தை அந்த வருஷத்துக்குள் குடித்துப் பார்த்திருக்கிறாரே தவிர, மூன்று வருஷம் பொறுத்துக் குடித்ததில்லையாம்.